கொடுத்தவங்க நிற்கிற இடம்

ஆவணி மாதத்து வளர்பிறையில், ஏரியைத் தூர்த்து எழுப்பிய குபேரஸ்ரீ அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில், தம்பி கருணாகரன் வாங்கிய புது வீட்டின் நிலைப்படியைத் தாண்டித் தவமணி வலது காலை உள்ளே வைத்தாள். வைத்த கால் வெளியே வந்து நின்றது. கையில் குத்துவிளக்கு இருந்தது, திரி எரிந்துகொண்டிருந்தது. மாடு மூன்று மாடி ஏறாது என்பதால் பசுமாட்டின் படம் அவளுக்கு முன்னால் உள்ளே போயிருந்தது, ஐயர் போயிருந்தார், கருணாகரனும் அவன் பெண்டாட்டி பிரமிளாவும் போயிருந்தார்கள், வந்த சனமெல்லாம் போயிருந்தது. அவள் மட்டும் உள்ளே போகிற மாதிரியே போய், லிஃப்டின் கதவைப் பார்த்தபடி வெளியே நின்றாள். திரும்பி வந்து இடது காலை வைத்துப் பார்த்தாள். லிஃப்ட். தலையைக் குனிந்துகொண்டு விறுவிறுவென்று போய்ப் பார்த்தாள். லிஃப்ட்.

"அண்ணி, நல்ல நேரம் போவுது" என்று உள்ளிருந்து பிரமிளா குரல் கொடுத்தாள்.

"வந்துகினேதாம்மா இருக்கேன்" என்றாள் தவமணி.

பால் பொங்கிய சத்தம் அவளுக்குக் கேட்டது. 'பொங்குது பொங்குது' என்று எல்லோரும் சொன்னது கேட்டது. ஏலக்காய் வாசனைகூட நிலைப்படிவரை வந்து அவளைத் தாண்டிக்கொண்டு கீழே இறங்கிப் போனது. அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே வந்த பிரமிளா, விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்கிற பதற்றத்தில் அதை மட்டும் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். விளக்கு தடையில்லாமல் உள்ளே போனது.

தவமணி அந்த வருஷம்வரை ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைத்துக்கொண்டிருந்தவள். அப்பா செத்தபோது தம்பிக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அவனைப் படிக்க வைத்துவிட்டுக் கல்யாணம் என்றாள், அவனுக்கு வேலை கிடைக்கட்டும் என்றாள், அவனுக்கு ஒரு பெண் அமையட்டும் என்றாள், அப்புறம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. இருபத்தேழு வருஷம் எந்த ஊர்க் கால்களுக்கோ தைத்துவிட்டு, கம்பெனி ஆளைக் குறைத்தபோது கையெழுத்துப் போட்டு வாங்கி வந்த மொத்தப் பணத்தையும், கடன் போக மிச்சத்தைக் கைக்காசாகக் காட்டினால்தான் வீடு என்று பேங்க்கில் சொன்ன அன்றைக்கே அவன் கையில் கொடுத்தாள்.

"உனக்குன்னு ஒரு ரூம்க்கா. கெழக்குப் பார்த்த ஜன்னல். இனிமே நீ எங்கயும் போக வேணாம்" என்றான் கருணாகரன். அவன் பொய் சொல்லவில்லை. அந்த அறைக்கு அவளுக்குப் பிடித்த வெந்தயக் கலரில்தான் பெயிண்ட் அடித்திருந்தான்.

பேங்க்கில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் ஒரு தாளை நீட்டியிருந்தாள். என் உடன்பிறந்தவன்மேல் உள்ள அன்பின் காரணமாக இந்தத் தொகையை இனாமாகக் கொடுக்கிறேன், இதைத் திரும்பக் கேட்க மாட்டேன், இந்த வீட்டில் எனக்கு எந்த உரிமையும் பாத்தியதையும் இல்லை, இனி எக்காலத்திலும் கோரவும் மாட்டேன் என்று அதில் இருந்தது.

"இன்னாடா இது, கோர்ட்டுல சத்தியம் வாங்கற மாதிரி?"

"சும்மா பேப்பருக்குக்கா. கடன்னு தெரிஞ்சா லோனக் கொறைச்சிடுவாங்க."

அவள் மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ராணிப்பேட்டையில் குடியிருந்த வீட்டைக் காலி செய்தாள், கட்டிலைப் பக்கத்து வீட்டுக்கு விட்டாள், தையல் மெஷினையும் ஒரு டிரங்குப் பெட்டியையும் வேனில் ஏற்றி முன்னால் அனுப்பினாள். மெஷின் உள்ளே போனது, பெட்டி உள்ளே போனது, அவளுடைய துணி, தலையணை, சாமி படம் எல்லாம் வெந்தய அறைக்குள் போய் அதது இடத்தில் உட்கார்ந்துகொண்டன.

கிரகப்பிரவேசத்தன்று மத்தியானம் பந்தி முடிந்து எல்லோரும் போன பிறகு, குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் பாலசுந்தரம் வந்து பார்த்தார். அவள் ஒருதடவை உள்ளே போய் வெளியே வந்து காட்டினாள். அவர் தலையாட்டினார்.

"புதுசு ஒண்ணும் இல்லம்மா. பி பிளாக்குல ரெண்டு பேர் இருக்காங்க. இங்க மேல நாலாவது மாடியில கோதண்டம்னு ஒருத்தர், மூணு வருஷமா. தீர்மானம் போட்டிருக்கோம். சேர் போட்டுக்கலாம், பாய் விரிக்கக் கூடாது. படுக்க, கீழே மீட்டர் போர்டு ரூம். லிஃப்ட் யூஸ் பண்ணலாம். மெயின்டனன்ஸ் பாதித் தலைக்குப் போட்டுக்குவோம்."

அந்தக் கட்டடத்தில் அவர்களுக்கு 'கொடுத்தவங்க' என்று பேர். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவன் வீடு பூட்டியிருந்தால் கொடுத்தவங்ககிட்ட விட்டுப் போவான். கொரியர்க்காரன் கொடுத்தவங்ககிட்ட கையெழுத்து வாங்குவான். வீடு பார்க்க வருகிறவர்களுக்கு, கார் நிறுத்த இடம் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் இருக்கிறது, மாடிக்கு மாடி பெரியவங்க காவல் இருக்கிறார்கள் என்று தரகர் சொல்வார். யாரும் அதிசயப்படவில்லை. மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அதிசயப்பட நேரம் ஏது?

கோதண்டம் மறுநாள் காலையிலேயே மாடிப்படி இறங்கி வந்து, அவளுடைய நீல பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரே சுவரில் சாய்ந்தார். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். காதில் இன்னும் டிக்கெட் கிழிக்கிற ஆள் மாதிரி பேனா செருகியிருந்தார்.

"எவ்ளோம்மா கொடுத்தே?"

"இருந்தது எல்லாத்தயும் கொடுத்தேன்ணே."

"முழுசாவா? ஒத்த ரூபா சேர்த்து வச்சியா?"

தவமணிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கல்யாணமோ காதுகுத்தோ, நல்ல காரியத்துக்குக் கொடுப்பதை நூற்றொன்று, ஆயிரத்தொன்று என்றுதான் கொடுப்பது. அந்த ஒரு ரூபாய்தான் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் நடுவில் அறுந்துபோகாமல் நிற்கிற நூல். முழுத் தொகையாக வைப்பது அவர்கள் பக்கம் சாவு வீட்டுக்கு மட்டும்தான். அவளும் கடைசியில் ஒன்று போட்டுத்தான் செக் எழுதிக்கொண்டு போனாள். கண்ணாடி போட்ட அம்மாள், 'எதுக்கும்மா இந்த ஒத்த ரூபா, அசிங்கமா இருக்கு, ரவுண்டாப் போடுங்க' என்றதும், படித்த பொம்பளை சொல்கிறாளே என்று வேறு செக் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

"அப்ப அதான். சில்லறை இல்லாம ஏறிட்ட, வண்டிய நிறுத்தி எறக்கி விட்டுட்டான்."

"நீங்க ஒத்த ரூபா வச்சீங்களாண்ணே?"

"நான் ஒம்பது ரூபா சேர்த்து வச்சேன். நானும் வெளியதான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கோதண்டம் சிரித்தார். இருந்தாலும் அன்று சாயங்காலம் தவமணி ஒரு ரூபாய்க் காசைக் கழுவி, மஞ்சள் தடவி, நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கம் நின்ற தம்பியின் உள்ளங்கையில் வைத்தாள். காசு உள்ளே போனது. அவள் போகவில்லை.

அப்புறம் வாஸ்துக்காரர் வந்தார், நிலைக்கு எதிரே கண்ணாடி மாட்டச் சொன்னார். கண்ணாடியில் அவள் மட்டும் தெரிந்தாள், வீடு தெரியவில்லை. நோட்டரி வக்கீல் ஒருவர் அந்தக் கடிதத்தை ரத்து செய்யலாம் என்றார். பேங்க்கில் விசாரித்ததற்கு, தாராளமாக ரத்து செய்யலாம், மறுநாளே மொத்தக் கடனையும் கட்டிவிட்டால் போதும் என்றார்கள். கருணாகரன் அந்த வாரம் முழுக்க அக்காவின் முகத்தைப் பார்க்காமல் வேலைக்குப் போய் வந்தான். தை பிறக்கட்டும், ஏதாவது பண்ணலாம் என்றான். தை பிறந்தது.

எதிர்வீட்டு ஃபரீதா, "அக்கா, எங்க வீட்டுக்குள்ள வரமுடியுதா பாருங்களேன்" என்று கூப்பிட்டாள். போக முடிந்தது. உலகத்தில் இருக்கிற வேறு எந்த வீட்டுக்குள்ளும் அவளால் போக முடிந்தது. இந்த வீட்டைப் புரட்டிப் போட்ட மாதிரி இருந்தது ஃபரீதாவின் வீடு. இங்கே இடப்பக்கம் இருப்பது அங்கே வலப்பக்கம். தவமணி சில நாள் மத்தியானத்தில் அங்கே போய், தன்னுடைய அறை இருக்க வேண்டிய இடத்தில், மேற்குப் பார்த்த ஜன்னல் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவாள். ஃபரீதா டீ போட்டு வைப்பாள்.

சும்மா உட்கார்ந்து பழக்கமில்லாத உடம்பு. மெஷினை வெளியே எடுத்துத் தரச் சொல்லி, லிஃப்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, புடவைக்கு ஃபால்ஸ் அடிக்க ஆரம்பித்தாள், ஜன்னல் திரைக்கு ஓரம் அடித்தாள், இளைத்தவர்களுக்கும் பெருத்தவர்களுக்கும் ஜாக்கெட்டைப் பிடித்தாள், விட்டாள். தை மாசக் கடைசியில் கருணாகரனுக்குத் தவணை கட்டக் கொஞ்சம் இடித்தது. தைத்த காசை எடுத்து அவன் சட்டைப் பையில் திணித்தாள்.

மறுநாள் காலை மீட்டர் அறையிலிருந்து எழுந்து வந்து மாடி ஏறினாள். முதல் மாடி, இரண்டாவது மாடி, அதற்குமேல் படி ஏற ஏற மறுபடி இரண்டாவது மாடியே வந்தது. லிஃப்டில் ஏறி மூன்றை அழுத்தினாள். கதவு திறந்தது, இரண்டாவது மாடி. மூச்சு வாங்க உட்கார்ந்தவளை மேலே கைப்பிடிச் சுவரிலிருந்து கோதண்டம் எட்டிப் பார்த்தார்.

"மறுபடி கொடுத்தியா?"

"கொஞ்சம்தாண்ணே."

"உனக்குப் புத்தி சொல்றதுக்கு நான் பஸ் படிக்கட்டுல தொங்கறவனுக்குச் சொல்லலாம். தங்கச்சி, இது ஸ்டேஜ் கணக்கு. கொடுக்கக் கொடுக்க ஒவ்வொரு ஸ்டேஜா எறக்கி விடுவான். நான் பென்ஷனக் கண்ணுல காட்ட மாட்டேன், அதான் நாலாவது மாடியிலயே நிக்கிறேன். என் மருமவ என்னக் கஞ்சன்றா. சொல்லட்டும். பேரன் கதவத் தொறந்தா மூஞ்சியப் பாக்குற தூரத்துல இருக்கேன்ல?"

தவமணி அதைக் கேட்டுக்கொண்டாள், ஆமாம் என்று தலையாட்டினாள். சித்திரையில் பிரமிளாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் வந்தது. கொடுத்தாள், தரைத்தளத்துக்கு வந்தாள். ஆடியில் ஃபரீதாவிடம் போட்டிருந்த ஏலச்சீட்டு விழுந்தது. கொடுத்தாள், வெளிகேட்டுக்கு வந்தாள். மெஷினையும் கேட்டுக்கே இறக்கிப் போட்டார்கள். காவல்காரர் கொட்டகையில் படுத்துக்கொண்டாள், சங்கம் அதற்கும் ஒரு தீர்மானம் போட்டது. பிரமிளா தினமும் சாப்பாட்டைத் தூக்கில் போட்டுக் கொண்டுவந்து தருவாள், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் காவல்காரர் போய் வாங்கி வருவார். அவளைக் குறை சொல்ல முடியாது. ஆபரேஷன் செய்த உடம்பு, மூன்று மாடி.

ஐப்பசியில் கருணாகரன் வேலை பார்த்த கார் உதிரிபாகக் கம்பெனியில் அவன் ஷிஃப்டையே நிறுத்தினார்கள். தீபாவளிக்கு முந்தின நாள் மெஷினை விற்றுக் கொடுத்தாள். மறுநாள் அவள் ரோட்டு முனை டீக்கடையைத் தாண்டி உள்ளே வர முடியவில்லை. டீக்கடை நடத்திய சாரதா, டம்ளர் கழுவிக் கொடுத்தால் பின்னால் படுத்துக்கொள்ளலாம் என்றாள். அப்போதும் அவள் ஆதார் அட்டையில் மூன்றாவது மாடி சி, குபேரஸ்ரீ என்றுதான் இருந்தது. ஓட்டுப் போடுகிற சீட்டும் அந்த வீட்டுக்கே வந்தது.

கோதண்டம் மட்டும் தினம் காலையில் டீ குடிக்கிற சாக்கில் அங்கே வந்து, வீட்டுச் சேதி சொல்வார். ஒருநாள் வந்தவர் டீயைக்கூட வாங்காமல் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நேத்து உங்க வீட்டுக்குக் கடன் வசூல் பண்ற ஆளு வந்தான். செருப்போட உள்ள போனான் தங்கச்சி. சோபாவுல உக்காந்தான், ஃபேனப் போடுன்னான், பிரமிளா தண்ணி கொண்டாந்து கொடுக்குது. நான் படியில நின்னு பாக்குறேன். எனக்கு அப்பதான் வெளங்குச்சு. கொடுத்தவனுக்குத்தான் கதவு கெடயாது. கடன் கொடுத்தவனுக்கு எல்லாக் கதவும் தொறக்கும்."

தவமணி கழுவிய டம்ளரையே மறுபடி கழுவினாள்.

"உன் கையில இன்னும் இன்னா கீது?"

அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். அம்மாவின் எட்டுக்கல் தோடு.

"அத அவன் கேப்பான். கேட்டா இனாமாக் கொடுக்காத. கடனாக் கொடு. பத்திரம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, வட்டி போட்டு வாங்கு. அந்தப் பத்திரத்த இடுப்புல சொருகிக்கிட்டு நேரா மூணாவது மாடிக்கு ஏறு. ஒருத்தனும் தடுக்க மாட்டான்."

கருணாகரன் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தான். முகம் மழிக்கவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தான். பேங்க்கிலிருந்து வந்து வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்களாம். பத்து நாள் கெடுவாம்.

"அக்கா..."

"கேளுடா."

"எப்படிக்கா கேக்கறது."

"இதக் கொடுத்தா நான் எங்க போய் நிப்பேன்னு உனக்குத் தெரியுமில்ல?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "மார்கழி ஒண்ணுதான்க்கா. தையில ஒரு எடத்துல சொல்லியிருக்காங்க."

"கடனா வச்சுக்க. எழுதிக் குடு."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை அவள் அவனுடைய ஒன்பது வயதுக்கப்புறம் பார்த்ததில்லை. ஓடிப்போய்ப் பத்திரம் வாங்கி வந்தான். ரெவின்யூ ஸ்டாம்பை நாக்கில் தடவி ஒட்டினான், வட்டியை அவனே கூட்டிப் போட்டான், சாரதாவும் கோதண்டமும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தவமணி தோட்டைக் கழற்றினாள். கழற்றுகிறபோது, இவன் இதை எப்படித் திருப்பித் தருவான், பாவம், நாம் எங்கே போய்க் கேட்கப்போகிறோம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு ஓடியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஓடிய நினைப்பை நிறுத்தவும் அவளால் முடியவில்லை. தோடு அவன் கைக்குப் போனது.

"ஏறு தங்கச்சி, ஏறு, ரைட் ரைட்" என்று கோதண்டம் கிளப்பிவிட்டார். பத்திரத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, தம்பி ஒருபக்கமும் கோதண்டம் ஒருபக்கமுமாக அவள் குபேரஸ்ரீயைப் பார்த்து நடந்தாள். பத்தடி நடந்ததும் அவர்கள் இரண்டு பேர் மட்டும் நடந்துகொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தபோது ரோடு வெறும் ரோடாக இருந்தது. பத்திரத்தில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை போலிருக்கிறது. அவள் மனசுக்குள் இருந்ததைத்தான் படித்திருக்கிறார்கள்.

அவள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ரயில்வே ஸ்டேஷனுக்கும் தாண்டி, லாரிகள் நிற்கிற ஒரு பொட்டலில் நின்றாள். எந்தத் திசையில் எட்டு வைத்தாலும் நடக்க முடிந்தது, வீட்டுத் திசையில் வைத்தால் மட்டும் அதே பொட்டல். சாரதாவின் கடைக்குப் பின்னால் இருந்த அவளுடைய துணிப்பையையும் தண்ணீர்க் குடத்தையும் கோதண்டம் மறுநாள் ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் காதில் பேனா இல்லை.

"நோட்டீஸக் கிழிச்சிட்டாங்களாண்ணே?"

"கிழிச்சிட்டாங்க. வீடு நிக்கிது."

"நிக்கட்டும்" என்றாள்.

கருணாகரன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் பண்ணினான். லாரிப் பொட்டலில் லாரிக்காரர்களுக்குச் சமைத்துப் போடுகிற ஒரு கொட்டகைக்கு, அடிகுழாயிலிருந்து இரண்டு கையிலும் குடத்தோடு போய்க்கொண்டிருந்தவள், ஒரு குடத்தை இறக்கி வைத்துவிட்டு, போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மறுபடி குடத்தைத் தூக்கினாள்.

"அக்கா, சாப்ட்டியா?"

"ஆச்சுடா. எங்க இருக்கே?"

"உன் ரூம்ல. ஜன்னல்கிட்ட நிக்கிறேன்க்கா. இங்கருந்து ரயில்வே லைன் தெரியுது. அதுக்கு அந்தாண்ட ஒரு பொட்டல் தெரியுது."

அவள் நின்று அந்தத் திசையைப் பார்த்தாள். தூரத்தில் கட்டடங்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாம்பலாக நின்றன. எது குபேரஸ்ரீ, எது வேறு என்று பிரிக்க முடியவில்லை.

"எவ்ளோ சின்னதாத் தெரியுது?" என்றாள்.

"கைய ஆட்டுக்கா. பாக்குறேன்."

குழாயடியிலிருந்து கொட்டகைவரை ஈரமண். குடத்தை வைக்க ஒரு காய்ந்த இடம் தேடி அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியுதுக்கா!" என்றான் கருணாகரன். குரல் உடைந்து, சந்தோஷமாக. "நல்லாத் தெரியுது. கைய ஆட்டறது தெரியுதுக்கா."

அவள் இரண்டு கையிலும் குடம் இருந்தது.

"ஆமாண்டா" என்றாள் தவமணி. "ஆட்டிக்கினுதான் இருக்கேன்."